பவுன்தாய் டீச்சரும் சத்துமாவு டப்பாவும்

"சார், நம்ம பி.டி. டீச்சர் போயிட்டாங்க" என்று போனில் செய்தி வந்தபோது, "குரங்கணி மலைக்கா?" என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வேறெங்கு போவார்? பஸ்சில் போய் இறங்கி, ஜீப் ரோட்டில் காப்பித் தோட்டம் வரைக்கும் ஏறி, வேர்த்து விறுவிறுத்துத் திரும்புவார். "ஐயோ சார், தவறிட்டாங்க" என்றது மறுமுனை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. காலையில் மைதானத்திலிருந்து வீட்டுக்கு வந்தவர், நெஞ்சை அடைக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தாராம். அவ்வளவுதான்.

துக்க வீட்டில் என் காதில் முதலில் விழுந்தது அழுகை இல்லை. பந்தலில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்: "தெனமும் ஓடுன பொம்பளைக்கே இந்தக் கதினா, நம்ம எதுக்குய்யா மெனக்கெடணும்? திங்கிறதத் தின்னுட்டுக் கெடப்போம்." ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்தக் கேள்விக்கு டீச்சர் உயிரோடிருந்தபோதே பதில் சொல்லிவிட்டார். "நூறு வயசு இருக்கவா சார் நடக்கிறேன்? இருக்கிற வரைக்கும் எவன் கையையும் பிடிக்காம எந்திரிக்கணும்ல, அதுக்குத்தான்." அப்படியே எழுந்தார், அப்படியே போனார். இதில் அந்த ஆளுக்கு என்ன நஷ்டம் என்று தெரியவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய வாய் தெரியும். ஒரே பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் நடத்தினேன், அவர் மைதானத்தை நடத்தினார். டாக்டர் சொன்னார் என்று நானும் காலையில் நடக்க ஆரம்பித்தேன். என் நடை தவறாமல் ஒரு பலகாரக் கடையில் போய் முடியும். ஒருநாள் கையும் வடையுமாக அகப்பட்டேன். "நடக்க வந்தீகளா சார், வடை வாங்க வந்தீகளா? வடைக்குன்னா வண்டியிலயே வரலாமே" என்றார். சொல்லிவிட்டு என் பொட்டலத்திலிருந்து ஒரு வடையை எடுத்துத் தின்றார். அவர் சாமியார் இல்லை. கறிக்குழம்பு என்றால் உயிர். காப்பிக்கு இரண்டு கரண்டி சீனி வேண்டும். "ஓடுனா பசிக்கும், பசிச்சா தின்னு, தின்னா ஒறங்கு. இதுக்கு மேல ஒரு ரகசியமும் இல்ல" என்பதுதான் அவர் படித்த படிப்பு முழுவதும்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் மைதானத்தை விடவில்லை. போலீஸ் செலக்ஷனுக்குத் தயாராகும் சிலமலை, போடிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு விடியுமுன் ஓட விடுவார். அந்தச் சமயத்தில்தான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜிம் வந்தது, ஜிம்மோடு கடையும் வந்தது. பெரிய பெரிய கறுப்பு டப்பாக்களில் புரோட்டீன் பவுடர். கடைக்காரன் பிரபு டீச்சரிடம் கபடி கற்றவன். "டப்பாவுல இருக்கிறது சத்து இல்லடா, சரக்கு. முட்டையும் கடலையும் வாங்கித் தின்னுங்க, மிச்சக் காசுக்கு நல்ல ஷூ வாங்குங்க" என்று மைதானத்தில் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டியது. தினையையும் சாமையையும் அழகான பாக்கெட்டில் அடைத்து 'இயற்கை' என்று கொள்ளை விலைக்கு விற்றவர்களையும் அவர் விடவில்லை. "இதுவும் டப்பாதான், பச்சை டப்பா" என்பார்.

அவரிடம் ஓடியவர்களில் வனிதாதான் வேகம். எழுத்துத் தேர்வில் பாஸாகிவிட்டாள். மதுரையில் ஓட்டம் மட்டும் பாக்கி. வயது வரம்பு முடிவதால் அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அவள் அம்மா போதுமணி, ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போய்க் காய் எடுக்கிறவர். மகள் மெலிந்திருக்கிறாளே என்று அந்தத் தாய் பிரபுவின் கடையில் ஏறி, "புள்ளைக்குத் தெம்புக்கு ஏதாச்சும் குடு அப்பு" என்று கேட்டிருக்கிறார். "இந்தா ஆத்தா, சத்துமாவு" என்று அவன் ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

நம் ஊர்த் தாய்மாருக்குச் சத்துமாவு என்றால் என்ன? அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மாவு. வெல்லப்பாகு ஊற்றிப் பிசைந்து உருண்டை பிடித்தால் எத்தனை தின்றாலும் நல்லது. போதுமணியும் அதைத்தான் செய்தார். பாலில் ஒரு கரண்டி கலக்க வேண்டிய பவுடரைக் கிண்ணம் கிண்ணமாகக் கொட்டி உருண்டை பிடித்து, மதுரைக்குக் கிளம்பிய மகளுக்குத் தூக்குவாளி நிறையக் கொடுத்து அனுப்பினார். ராத்திரியும் விடியற்காலையும் வனிதா தின்றாள். ஓட்டத்தில் பாதி வட்டம் முதலாவதாக வந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது அம்மாவோடு அவளும் ஜீப்பில் போகிறாள்.

டீச்சர் போதுமணியை ஒரு சொல் சொல்லவில்லை. நேரே கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"சத்துமாவுன்னா சொல்லிக் குடுத்த?"

"புரியணுமே டீச்சர். இங்கிலீஷ் பேர் சொன்னா அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"புரியிற மாதிரி சொல்லலடா. விக்கிற மாதிரி சொன்ன."

பஸ்சுக்கு நின்ற கூட்டமெல்லாம் திரும்பிப் பார்த்தது. பிரபு சிரித்துக்கொண்டே, "கத்தாதீக டீச்சர், பிரஷர் ஏறிரும்" என்றான். அன்றிலிருந்து காலை மைதானத்தை முடித்ததும் டீச்சர் அந்தக் கடை வாசலுக்கு வந்து, உள்ளே போகிற ஒவ்வொரு தாயிடமும் "இது அந்த மாவு இல்ல ஆத்தா" என்று சொன்னார். ஊர் அவருக்குக் கிறுக்கு என்று பெயர் வைத்தது. வியாபாரம் குறைந்ததாகத் தெரியவில்லை.

அவரை எரித்த மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஃப்ளெக்ஸ் நின்றது. கண்ணீர் அஞ்சலி. டீச்சர் சிரிக்கிறார். அவர் தோளுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு டப்பா. கீழே, 'ஆரோக்கியத்தின் தாயே, உங்கள் வழியில் நாங்கள்' என்ற வாசகமும் கடையின் போன் நம்பரும். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஓநாய்கூட அழுததோடு நிறுத்தியது, விளம்பரம் போடவில்லை. எடுக்கச் சொல்லிப் போனேன். "எனக்கும் அவுக டீச்சர்தான சார். எம்புட்டுச் செலவழிச்சு வச்சிருக்கேன், மரியாதைய வேணாங்கிறீகளே" என்றான் பிரபு. கண்ணில் ஈரம் வேறு. அது நிஜமான ஈரம் என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

திரும்பி வரும்போது தோட்டத்து ஜீப் வந்து நின்றது. போதுமணி இறங்கினார். ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்காமல் என்னைக் கேட்டார்:

"டீச்சரே டப்பாவோட நிக்கிறாகளே சார். அப்ப நல்ல மாவுதான் போல. எம்மகளுக்குத்தான் வயிறு சரியில்லையோ?"

நான் வகுப்பில்கூடச் சத்தமாகப் பேசாதவன். "அவ வயிறு நல்ல வயிறு ஆத்தா! அது மாவே இல்ல! டீச்சர் அதை ஒருநாளும் நல்லதுன்னு சொல்லல!" என்று, எதிரே இருக்கிற கடைக்குள் கேட்கும்படி, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

பவுன்தாய் டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் தொண்டைதான். நாளைக்கும் அந்தக் கடை வாசலுக்குப் போவேன்.