யார் எழுத வேண்டிய கடிதம்

நட்பு ஒப்பந்தம் செய்த வெளிநாட்டு நகராட்சிக்குக் கடிதம் எழுதுவது, நகராட்சி அலுவலகத்தில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் மூத்த ஊழியரின் வேலை. வீட்டில் அவர் தனி ஆள். அந்த நகராட்சியின் எழுத்தர் மட்டும்தான் கடிதத்தின் அடியில், "முழங்கால் வலி எப்படி?" என்று விசாரிப்பார். இரு ஊரும் மாறி மாறி எழுதுவது வழக்கம். இரண்டு வருடமாக அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.

"அக்கா, அவங்க நம்மளக் கைகழுவிட்டாங்க. கோப்பை மூடிடுங்க," என்றார் மேலாளர்.

மூடுவதற்காகத் தாள்களுக்கு எண் போட்டபோதுதான் தெரிந்தது. கடைசிக் கடிதம் அவர்களுடையது. அக்கா வாழ்த்து அட்டை ஒன்றை அனுப்பிவிட்டு, அதையே பதிலாக நினைத்திருந்தார்.

"சார், நாமதான் எழுதணும். நான் கோட்டை விட்டுட்டேன்."

"அந்த எழுத்தர் இன்னும் அங்க இருப்பாரா?"

"தெரியல சார்."

மேலாளர் கையெழுத்திட்ட கடிதத்தின் அடியில் அக்கா எழுதினார்: "வலி அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் நலமா?"