கதவு திறந்த நேரம் 4.11

அந்த லிஃப்ட்காரரைச் சோம்பேறி என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். முப்பத்திரண்டு வருஷமாகப் பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வந்தால், சாப்பிட்ட கையைக் கழுவினாரோ இல்லையோ, பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். ஆனால் சொந்தக்காரர் வீட்டுக்கு அப்படி ஓடினாரா என்றால், அதுதான் இல்லை. கூப்பிட்டால் 'இதோ வரேன்' என்பார். அந்த 'இதோ' லேசில் விடியாது. அண்ணன் பிள்ளைகள் அவருக்கு 'இதோவரேன் சித்தப்பா' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்ப்பார்.

கல்யாணமும் அப்படித்தான். அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளி, தள்ளின இடத்திலேயே நின்றுபோனது. ஊருக்கெல்லாம் லிஃப்டை ஓட வைக்கிறவர் குடியிருந்தது லிஃப்டே இல்லாத கட்டடத்தில், நாலாம் மாடியில், ஒற்றை அறையில். இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர், ஒன்றில் வேலைப்பை. யாராவது வந்தால் பையை எடுத்துக் கீழே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். எடுக்க வேண்டி வந்ததில்லை.

அண்ணன் ஒருவர்தான் அவருக்கென்று இருந்த ரத்தம். அவர் வேறு ஊரில் குடும்பத்தோடு இருந்தார். அந்த அண்ணன் மகள் கல்யாணத்தன்று, இவர் புறப்பட்டு வாசல் தாண்டும்போது போன். ஒரு கட்டடத்தில் ஐந்து பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். போனார். ஐந்து பேரையும் வெளியே எடுத்தார். கல்யாணம் முடிந்துவிட்டது. அண்ணன் போனில் கேட்டார், "ஏண்டா, என் பொண்ணு கல்யாணத்தை விட உனக்கு லிஃப்ட் பெரிசா?" அலுத்துப்போய் நின்ற மனுஷன் வாயில் சனி உட்கார்ந்திருக்க வேண்டும். "ஆமா"ன்னு சொல்லிவிட்டார். ஒரே ஒரு வார்த்தை. அதற்குப் பிறகு ஆறு வருஷம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

ஆறு வருஷம் கழித்து ஒரு மாலையில் அண்ணி கூப்பிட்டார். "தம்பி, உங்க அண்ணன் ஆஸ்பத்திரியில இருக்கார். நிலைமை சரியில்ல. உங்களைப் பார்க்கணும்கறார். வர்றதுன்னா உடனே வாங்க." இவர் 'இதோ வரேன்' என்றார். இந்தத் தடவை நிஜமாகவே மறுநாள் முதல் விமானத்துக்கு டிக்கெட் எடுத்தார். பதினொன்று இருபதுக்குக் கிளம்பி, ஒன்று ஐந்துக்கு இறங்க வேண்டும்.

பதினொன்று இருபதுக்கு அது கிளம்பவில்லை. ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அப்புறம் 'விரைவில்' என்றார்கள். அந்த 'விரைவில்' இவருடைய 'இதோ'வுக்குக் கூடப் பிறந்தது போல இருந்தது. நாலு தடவை அண்ணிக்குப் போன் அடித்தார். ஆஸ்பத்திரிக்குள் இருந்தவர் எடுக்கவில்லை. சும்மா இருக்க முடியாமல், போர்டிங் பாஸ் பின்பக்கத்தில் நடந்ததையெல்லாம் நேரம் போட்டு எழுதிக்கொண்டே வந்தார்.

லிஃப்ட் வேலையில் அப்படி ஒரு வழக்கம். மொட்டைமாடியில் மோட்டார் இருக்கிற அறையில் ஒரு நோட்டு கயிறு கட்டித் தொங்கும். ஆள் மாட்டின நேரம், மெக்கானிக் வந்த நேரம், கதவு திறந்த நேரம் மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பெட்டி மாடிக்கு நேராக வந்து நின்றுவிட்டது என்பதெல்லாம் பேச்சே இல்லை. கதவு திறந்து ஆள் வெளியே கால் வைத்தால்தான் வந்து சேர்ந்த மாதிரி. அந்தப் பழக்கத்தில்தான் எழுதினார்: '2.10 கிளம்பியது. 3.52 சக்கரம் தரையில். ஏணி வரவில்லை. 4.11 கதவு.'

ஆஸ்பத்திரிக்குப் போனபோது மணி ஐந்து. நடைபாதை பெஞ்சில் அண்ணி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் அண்ணனுடைய செருப்பு. மூன்று நாற்பதுக்கே உயிர் போய்விட்டது.

"வந்துட்டீங்களா?" என்றார் அண்ணி.

"விமானம் லேட்டு அண்ணி."

"உங்களுக்கு எதுதான் லேட்டாகல?"

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த அம்மா செருப்புப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். காரியமெல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்வரை முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பி வந்தவருக்கு அந்த ஒரு கேள்வி நெஞ்சில் மீன் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் எத்தனையோ தடவை அவர் தப்பில் லேட்டாகியிருக்கிறது. இந்த ஒரு தடவை அவர் தப்பு இல்லை. அதை அண்ணிக்கு எப்படி நிரூபிப்பது? விமானக் கம்பெனிக்காரனே 'எங்களால்தான் லேட்டு' என்று கையெழுத்துப் போட்டு ஒரு காகிதம் கொடுத்தால் ஆயிற்று. மூன்று மணி நேரத்துக்கு மேல் லேட்டானால் நஷ்ட ஈடு தருவோம் என்று கம்பெனி விதியிலேயே இருந்தது. நஷ்ட ஈடு கேட்டால் காகிதம் தானாக வரும். பணத்தை அவர் நினைக்கக்கூட இல்லை. காகிதம்தான் வேண்டும்.

கட்டை விரலால் போனில் விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தார். பேர், விலாசம், இருக்கை எண் எல்லாம் ஆயிற்று. 'உங்களுக்கு ஏற்பட்ட இழப்பு' என்று ஒரு கேள்வி. கீழே கட்டம் கட்டமாக: சாப்பாட்டுச் செலவு, தங்கும் செலவு, டாக்சி, அடுத்த விமானம் தவறியது, மற்றவை. 'மற்றவை'யைத் தொட்டார். விவரம் எழுது என்றது. 'அண்ணன்' என்று எழுதினார். அழித்தார். காலியாக விட்டால் அது அடுத்த பக்கம் போகமாட்டேன் என்றது. கடைசியில் ஒரு புள்ளி வைத்தார். அது ஒத்துக்கொண்டது.

பத்து நாளில் பதில் வந்தது. விமானம் 3.52க்கு வந்து சேர்ந்துவிட்டது, தாமதம் இரண்டு மணி நாற்பத்தேழு நிமிடம்தான், ஆகவே ஒன்றும் கிடையாது. அது போகட்டும். 'இந்தச் சிறிய தாமதத்துக்கு' என்று எழுதியிருந்தார்களே, அதைப் படித்ததும் மனுஷனுக்கு உச்சந்தலை சூடேறிப்போனது. எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண் பேசினாள்.

"சார், ஃப்ளைட் மூணு அம்பத்திரண்டுக்கே வந்துடுச்சு சார்."

"அது வந்துச்சும்மா. நான் வரலையே."

"புரியல சார்."

"கதவு மூடியிருந்துச்சு. பத்தொன்பது நிமிஷம். உள்ள மாட்டிட்டிருக்கிறவனை வந்து சேர்ந்துட்டான்னு நீ எழுதுவியா?"

"சார், எங்க சிஸ்டத்துல தரையிறங்கின டைம்தான் காட்டுது. கதவு டைம் எங்ககிட்ட இல்ல."

"எழுதி வெச்சிருப்பாங்கம்மா. அஞ்சு மாடி ஏறி இறங்கற பெட்டிக்கே நான் கதவு நேரம் எழுதறேன். ஆகாசத்துல போறதுக்கு எழுதாம விட்டிருப்பாங்களா? போய்க் கேளு. நான் லைன்லயே இருக்கேன்."

"அப்படியெல்லாம் உடனே கேட்க முடியாது சார்."

"பரவால்ல. எனக்கு வேற யார்கிட்டயும் பேச வேண்டியதில்ல."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நல்ல பெண். குறித்துக்கொண்டாள். இவரும் சும்மா இருக்காமல் போர்டிங் பாஸ் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது சும்மாவா? புதன்கிழமை ஆனால் அந்த வரிசையில் அவருக்கு ஒரு இடம். வாரத்தில் அவர் வீட்டிலிருந்து பேசின பேச்சு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் 'எந்த மாடி, உள்ளே எத்தனை பேர், பயப்படாதீங்க'.

இரண்டரை மாதம் கழித்துப் போனில் அந்தக் காகிதம் வந்தது. பதிவேட்டைச் சரிபார்த்தோம், கதவு திறந்த நேரம் 4.11, தாமதம் மூன்று மணி ஆறு நிமிடம், விமானத்தில் ஏற்பட்ட கோளாறே காரணம், வருந்துகிறோம். பணம் அது பாட்டுக்கு வங்கிக்குப் போனது. இவர் ஜெராக்ஸ் கடைக்கு ஓடி அந்தக் கடிதத்தை அச்செடுத்து, ஒரு வரிகூட எழுதாமல் உறையில் போட்டு அண்ணிக்குத் தபாலில் சேர்த்தார். திரும்பி நாலு மாடி ஏறும்போது காலில் பாரம் குறைந்த மாதிரி இருந்தது.

ஒரு வாரம் போனது. அண்ணியிடமிருந்து சத்தமே இல்லை. எட்டாம் நாள் மத்தியானம், தட்டில் கை வைத்திருக்கும்போது போன் அடித்தது. எண்ணைப் பார்க்காமலே எடுத்தார்.

"லிஃப்ட் சர்வீஸ். உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான் ஒருத்திதான்" என்றார் அண்ணி.

இவர் எழுந்து நின்றுவிட்டார்.

"காகிதம் வந்துச்சு. எதுக்கு அனுப்புனீங்க? நான் என்ன கோர்ட்டா நடத்தறேன்?"

"நீங்க நம்பணும்னு அண்ணி. அன்னைக்கு நான் வேணும்னு லேட்டாகல."

"அதை நான் அன்னைக்கே நம்பிட்டேன் தம்பி. மூணு மணி நேரத்துக்காகவா உங்ககிட்ட மூஞ்சியைத் திருப்பினேன்? ஆறு வருஷம் வாசல்படி மிதிக்கலையே. அதுக்கு எவன்கிட்டப் போய்க் காகிதம் வாங்குவீங்க?"

இவர் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். காலையில இருந்து கதவு திறக்கறப்பல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார். நர்ஸ்னு தெரிஞ்சா மறுபடி படுத்துக்குவார். ரெண்டு மணி இருக்கும், 'வந்துட்டுத்தான் இருப்பான், எவனாவது லிஃப்ட்ல மாட்டியிருப்பான், எடுத்து விட்டுட்டு வரட்டும்'னார். கோவமா சொல்லல. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்."

தட்டில் இருந்தது காய்ந்துகொண்டிருந்தது. கை காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணி, நான் ஒரு நாள் வரட்டுமா?"

"வாங்க. ஆனா 'இதோ'ன்னு சொல்லாதீங்க. தேதி சொல்லுங்க."

"பார்த்துட்டு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். சுவரில் காலண்டர் இருந்தது. மாதம் முழுக்கச் சர்வீஸ் எழுதியிருந்தது, ஒரு கட்டம்கூட மிச்சமில்லை. "பத்தொன்பதாம் தேதி" என்றார்.

"சரி" என்று வைத்துவிட்டார் அண்ணி.

கையைக் கழுவிவிட்டு வந்து, காலண்டரில் பத்தொன்பதில் எழுதியிருந்த சர்வீஸின் மேல் ஒரு கோடு அடித்தார். போர்டிங் பாஸை எடுத்து, 4.11க்குக் கீழே அந்தத் தேதியை எழுதினார். அண்ணன் இல்லாத வீட்டுக்குப் போய் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எதிர் நாற்காலியில் இருந்த பையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். போன் மறுபடி அடித்தது. ஏழாம் மாடி, உள்ளே மூன்று பேர். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.