அத்தானின் ஈறு

அக்காவின் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். வீட்டில் அவருக்கு 'ஜீவகாருண்யம்' என்று பட்டப்பெயர். போன வருஷம் குழந்தைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, குறுக்கே வந்த நாயைக் காப்பாற்றப்போய் வேனை ஒரு மதில் சுவரில் இடித்துவிட்டார். அந்தப் பெயரை வைத்தது நான்தான். கூப்பிட்டால் சிரித்துக்கொள்வார். வேனைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருப்பார். முன் சீட்டு அவர் மகளுக்கு மட்டும்தான். வேறு யாரும் அதில் உரிமை கொண்டாட முடியாது.

அவருக்கு ஈறு வீங்கி, பல்லைப் பாதி மூடிவிட்டது. பல் டாக்டர் என்றாலே நழுவுவார். வாய் கொப்பளித்த தண்ணீர் சிவப்பாகப் போனதைப் பார்த்த அக்கா ஒரே பிடியாக நின்றாள். நானும் நான் ஓட்டும் லாரியை நிறுத்திவிட்டுத் துணைக்குப் போனேன்.

"சுகர், பிரஷர் ஏதாவது இருக்கா? தினமும் மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒண்ணும் இல்லைங்க."

"தலைவலிக்குக்கூட மாத்திரை தொடமாட்டாரு," என்றாள் அக்கா பெருமையாக.

டாக்டரம்மா விளக்கை இழுத்து வாய்க்குள் பார்த்தார். பிறகு மறுபடியும் பார்த்தார்.

"வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா? அதுல சிலது ஈறை இப்படி வளர வைக்கும். தெரியாம நான் இதுல கை வைக்கக் கூடாது. மறைக்காம சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆள் தெரியாமல் பேசுகிறார் என்று நினைத்தேன். அத்தான் சிரிக்கவில்லை. சாய்ந்து படுத்திருந்தவரின் கண்ணீர் காதுப்பக்கமாக வழிந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே," என்றார். "மாத்திரை வேன்ல, டூல்ஸ் பெட்டியில இருக்கு. சொன்னா வண்டியைத் தொட விடமாட்டாங்க. எனக்கு வேற என்ன தெரியும்?"

அக்கா ஆடிப்போனாள். கத்துவாள் என்று பார்த்தால், மெதுவாகக் கேட்டாள்.

"கடைசியா எப்ப வந்துச்சு?"

அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார்: "அன்னைக்கு நாய் எதுவும் குறுக்க வரல."

எத்தனை குழந்தைகள் அந்த வேனில் ஏறுகிறார்கள் என்று நினைத்ததும் எனக்கு அவர்மேல் கோபம் பொங்கியது. அக்கா கையை நீட்டினாள். அத்தான் வேன் சாவியை எடுத்து அதில் வைத்தார்.

சாயந்திரம் குழந்தைகளைக் கூட்டிவர நான்தான் வேனை எடுத்தேன். அத்தான் மகள் வழக்கம்போல முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"மாமா, நாய் வந்தா எங்கப்பா மாதிரி வண்டியை ஒடிச்சுத் திருப்பிரணும், தெரியுமா?" என்றாள்.