நான்கு இரும்புத் தட்டுகள்

நான் பொய் சொன்னேன். சீருடை அணிந்து, நெஞ்சை நிமிர்த்தி, இராணுவ விசாரணையில் பொய் சொன்னேன். அந்தப் பொய்யோடு நன்றாகவே வாழ்கிறேன் என்பதையும் உங்களிடம் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்!

எந்தப் போர், எந்தக் கரை என்று கேட்காதீர்கள். கப்பலிலிருந்து எங்கள் ரேடார் லாரியைக் கரையில் இறக்கினார்கள். அதற்குப் பொறுப்பு நான். ஒரு மணி நேரத்தில் அது வேலை செய்ய வேண்டும். அது காட்டும் திசையை நம்பித்தான் விமானங்கள் வந்து, பாரசூட் வீரர்களை மேட்டு நிலத்தில் இறக்கும்.

லாரி சமமாக நிற்க நான்கு ஜாக்கிகள். மணல் என்றால் ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் இரும்புத் தட்டு வைக்க வேண்டும், அது விதி. நான் வைக்கவில்லை. கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்தவன் நான். மீன் ஏற்றும் லாரிகள் ஈர மணலில் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவன். எனக்கா மணலைப் பற்றித் தெரியாது? ஈர மணல் சிமென்ட் தரை மாதிரி, தட்டு எதற்கு என்று டிரைவரிடம் சொன்னேன். என்ன திமிர்!

அது நம் கரை அல்லவே... அடியில் சேறு. கடல் ஏற ஏற ஒரு ஜாக்கி புதைந்தது, லாரி சாய்ந்தது, திசை பிசகியது. நான் கவனிப்பதற்குள் முதல் விமானம் ஆட்களைச் சதுப்பில் இறக்கிவிட்டது. ஒருவனுக்குக் கால் போயிற்று.

அதிகாரிகள் வருவதற்குள் தட்டுகளைச் செருகிவிட்டோம். "முதலிலேயே வைத்தேன், சார்" என்றேன். டிரைவர் தரையைப் பார்த்தான். காற்றின் மேல் பழியைப் போட்டுக் கோப்பை மூடினார்கள்.

கால் போனவன் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பூதப்பாண்டிக்காரன், நாகராஜன். உண்மையைச் சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"ஏலே மக்கா, உனக்க ரேடாரு இல்லேன்னா நான் நடுக்கடல்லல்லா விழுந்திருப்பேன்!"

வாங்கிப்போன ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இப்போது இருவருக்கும் நரைத்துவிட்டது. மாதம் ஒருமுறை மட்டி வாழைப்பழக் குலையோடு பஸ் ஏறி வருவான். என் மனைவி நண்டுக் குழம்பு வைப்பாள். வயிறு வலிக்கச் சிரிப்போம். அவன் மகள் கல்யாணத்தில் பந்தி பார்த்தவன் நான்தான். நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்... இருக்கலாமா? மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சாமியாரிடம் என் பாவம் எல்லாம் சொல்கிறேன், இதை மட்டும் சொன்னதில்லை. அவனிடமே போய்ச் சொல் என்று அவர் சொல்லிவிட்டால்? அந்தச் சிரிப்பு போய்விடுமே!

போன ஞாயிறு மாலை கடற்கரைக்குப் போனோம். நாகராஜன் அலை நனைத்த மணலில் செயற்கைக் காலை ஊன்றி, அழுத்திப் பார்த்தான்.

"நம்ம கரை மணலு நல்ல உறப்புலே! பாத்தியா, கட்டக்காலுகூட பொதையல்ல."

"ஆமா மக்கா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அவன் விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டு நானும் நடந்தேன்.