ஒரு சாக்கு கரி, ரெண்டு வாசல்

ஃபில்டர் தொழிலில் எல்லாம் நல்லா ஓடுகிற வரை நம் பேர் யாருக்கும் தெரியாது. அடைத்துக்கொண்டால் மட்டும் நம் போன் நம்பர் ஊருக்கே தெரியும். கேபிள், இன்வெர்ட்டர், கேஸ் ஸ்டவ் என்று அடுத்தவர் வாசலில் டூல்ஸ் பையோடு நிற்கிற என் இனத்து ஜனங்களே, இது உங்களுக்குப் புரியும். மற்றவர்களுக்கு விளக்க எனக்குப் பொறுமை கிடையாது. பொறுமை இருந்திருந்தால் பிளஸ் டூவையே முடித்திருப்பேன்.

ஜீப்

பீர்மேடு இறக்கத்தில், கொட்டுகிற மழையில், சரியாக வளைவில் வண்டி நின்றுவிட்டது. டீசல் ஃபில்டர் அடைப்பு. பின்னால் ஊருக்கெல்லாம் ஃபில்டர் இருந்தது. தேயிலைக் கம்பெனிக்குத் தூசி பிடிக்கிற பை, வீடுகளுக்குத் தண்ணீர் வடிகட்டுகிற கேன்டில், ரிசார்ட் சமையலறைக்கு ஒரு சாக்கு கார்பன். கார்பன் என்றால் சிரட்டையைச் சுட்டுச் செய்கிற கரிதான். தண்ணீரில் இருக்கிற பிளீச்சிங் பவுடர் வாடையை உறிஞ்சிவிடும். ஜீப்புக்கு மட்டும் எதுவும் இல்லை.

அப்போதுதான் போன் வந்தது. ஆஸ்பத்திரி டயாலிசிஸ் டெக்னீஷியன் லிசி அக்கா. "தம்பி, எங்க தண்ணி பிளான்ட்ல கார்பன் செத்துப் போச்சு. டெஸ்ட் பண்ணா தண்ணி பிங்க் ஆகுது, குளோரின் அப்படியே நிக்குது. உங்க கடையில கார்பன் இருக்கா?" மழைக்காலம் என்று மேல்தொட்டியில் பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போட்டிருந்தார்கள். குடிக்கிறவனுக்கு அது வாடை, அவ்வளவுதான். டயாலிசிஸில் ரத்தத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகிற தண்ணீர் அது. குளோரின் கலந்தால் ரத்த அணு உடைந்துவிடும். மத்தியான ஷிப்ட் ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ரோடு இடிந்ததால் போன முறையையே தவறவிட்டவர்கள். நான் முதலாளி தாமசு சேட்டனைக் கூப்பிட்டேன். "ஆஸ்பத்திரி நம்ம கான்ட்ராக்ட் இல்ல. அவங்களுக்கு நாளைக்கு லோடு வரும். சாக்கு ரிசார்ட்டுக்கு. இறக்கிட்டு வா" என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. சிக்னல் போய்விட்டது, அவர் சரி என்று எடுத்துக்கொண்டார்.

டிரைவர் சேகர் அண்ணன் இதற்குள் பானெட்டுக்குள் பாதி ஆளாகப் போயிருந்தார். ஃபில்டர் அடியில் இருந்த திருகைக் கழற்றி, விழுந்ததை ஒரு பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். அடியில் தண்ணீர், மேலே டீசல், நடுவில் கோடு போட்ட மாதிரி. தண்ணீர் தீர்ந்து வெறும் டீசல் வருகிற வரை விட்டார், மூடினார், கையாலேயே பம்பை அடித்தார், ஸ்டார்ட் பண்ணினார். பிடித்துக்கொண்டது. எனக்கு விசில் அடிக்கணும் போல இருந்தது. அவருக்கு என் பாராட்டெல்லாம் வேண்டாம். "ஊருக்கெல்லாம் ஃபில்டர் விக்கிற கடை, ஓட்டுற வண்டியை மட்டும் மாதாவும் மாரியாத்தாளும் பாத்துக்கணுமாக்கும்!" என்றார்.

தேயிலைக் கம்பெனி

தூசி பையை வாசலில் போட்டுவிட்டு ஓடலாம் என்றுதான் போனேன். "மாட்டிக் குடுத்துட்டுப் போ, இல்லேன்னா மெஷினை ஓட்ட முடியாது" என்று பிடித்துக்கொண்டார் சல்லடை ரூம் ஜெயந்தி அக்கா. எனக்கோ ஆஸ்பத்திரி ஞாபகம். கடுப்போடு ஏணியில் ஏறினேன்.

ஏறினவன் கொஞ்ச நேரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சல்லடைக்கு முன்னால் ஒரு உருளை சுற்றுகிறது. உரசி உரசி அதில் கரன்ட் ஏறுகிறது, சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத்தைத் தூக்குவோமே, அந்தக் கரன்ட். அடியில் தூள் போகும்போது அதில் கலந்த தண்டு நாரு மட்டும் எழும்பி உருளையில் ஒட்டிக்கொள்கிறது, தூள் பேசாமல் போய்விடுகிறது. ஓட்டை இல்லாத சல்லடை! இதைப் பள்ளிக்கூடத்தில் காட்டியிருந்தால் நான் இன்னும் ஒரு மாதமாவது போயிருப்பேன். அக்கா ஒரு பிடித் தூளைக் கையில் ஏந்தி, ஊதிப் பார்த்து, உருளையை முடியளவு இறக்கினார்.

"எது அக்கா நல்ல தூள், மேல நிக்கிறதா கீழ விழுறதா?" என்றேன். "ரெண்டும் விலைதான்டா. மேல நின்னா பெரிய தூள், கீழ விழுந்தா டஸ்ட். நடுவுல சும்மா பறக்குது பாரு, அதான் எதுக்கும் ஆகாது. ஆமா, நீ பிளஸ் டூவுல மேல நின்னியா, கீழ விழுந்தியா?" நான் நடுவில் பறந்துவிட்டேன் என்றேன். அக்கா யோசிக்கவே இல்லை. "அப்போ உனக்குத் தூசி பைதான் சரி. ஒழுங்கா மாட்டு!"

லயத்து வீடு

அடுத்த திருப்பத்தில் மரம் விழுந்து கிடந்தது. ஆட்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு கை பிடித்தேன். பிறகு ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டு தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்து வரிசையின் கடைசி வீட்டுக்குப் போனேன். மேலே ஊற்றிலிருந்து தேயிலைக் காட்டு வழியாகக் கறுப்பு ஓஸ் வருகிறது. அந்த ஓஸ் முனையில் ஒரு பள்ளிக்கூடச் சாக்ஸ். அதற்குள் இன்னொரு சாக்ஸ். ரெண்டுக்கும் நடுவில் கழுவின மணல். மழைக்கு ஊற்றே செம்மண் நிறத்தில் இருக்கும்போது, குடத்தில் விழுந்தது பளிங்கு மாதிரி இருந்தது. மண்ணை நிறுத்த நாங்கள் விற்கிற கேன்டிலுக்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது, டப்பா மட்டும் அழகு. இதை முதலாளியிடம் சொன்னால் திட்டு விழும்.

"யாரு அக்கா சொல்லிக் குடுத்தா?" என்று அந்த வீட்டு அக்காவிடம் கேட்டேன். "யாரு சொல்லணும்? ஒத்தைச் சாக்ஸ்ல மண்ணு வந்துச்சு, ரெட்டையாக்கினேன். அப்பவும் வந்துச்சு, மணல் போட்டேன்" என்றார். அப்புறம் உள்ளே படுத்திருந்த மகனைப் பார்த்துச் சத்தமாக, "இவன் பள்ளிக்கூடம் போனதுல உருப்பட்டது இந்தச் சாக்ஸ் ஒண்ணுதான்!" என்றார். சேகர் அண்ணன் என்னைப் பார்த்து ரொம்ப நேரம் சிரித்தார்.

ரிசார்ட் கேட்

ரிசார்ட் முதலில் வரும், ஆஸ்பத்திரி அதைத் தாண்டி. மேனேஜர் குடையோடு கேட்டிலேயே நின்றார். "கெஸ்ட் எல்லாம் டீயில பிளீச்சிங் வாடைங்கிறாங்க. சீக்கிரம் இறக்கு." நான் ஜீப்பில் இருந்து இறங்கவே இல்லை. "சார், தண்ணியைக் கொதிக்க வெச்சு, கொஞ்ச நேரம் திறந்து வையுங்க. வாடை நல்லாவே குறையும். இது ஆஸ்பத்திரிக்குப் போகுது. உங்களுக்கு நாளைக்கு" என்றேன். அவர் உடனே முதலாளிக்குப் போன் போட்டு என் காதில் வைத்தார். "இறக்குடா!" என்று ஒரு சத்தம். நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

அடி விழும் என்றுதான் நினைத்தேன். மேனேஜர் குனிந்து ஜீப்புக்குள் இருந்த சாக்கைப் பார்த்தார். "ஆஸ்பத்திரியில எதுக்கு?" டயாலிசிஸ் என்றேன். அவர் கேட்டைத் திறக்கவும் இல்லை, ஜீப்பை மறிக்கவும் இல்லை. குடையை மடக்கிக்கொண்டே, "நீ இங்க வரவே இல்ல, நான் உன்னைப் பாக்கவே இல்ல, போ!" என்றார்.

ஆஸ்பத்திரி

பழைய கரியை நானும் சேகர் அண்ணனும் வாளி வாளியாக அள்ளினோம். நோயாளிகளோடு வந்த ரெண்டு பையன்களும் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். புதுக் கரியைக் கொட்டி, கறுப்புத் தண்ணீர் போகிற வரை கழுவினோம். தண்ணீர் தெளிந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். லிசி அக்கா ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, மருந்தைப் போட்டு, வெள்ளைச் சுவருக்கு எதிரே பிடித்தார். லேசாக, ரொம்ப லேசாக, ரோஸ்.

"இது போதும் சிஸ்டர், டயம் ஆகுது" என்றார் ஆபீசில் இருந்து வந்தவர். "போதாது சார்." உள்ளே ஒருத்தர் இருமினார், ஒரு பாட்டி மூச்சு வாங்கினார். "நேரம் ஆனா அதுவும் ஆபத்துதானே?" என்று நானே கேட்டுவிட்டேன். "ஆமா, ஆபத்துதான். அதனால வேகமாக் கழுவு" என்றார் அக்கா. கத்தவில்லை, கெஞ்சவில்லை. மறுபடி கழுவினோம், மறுபடி பிடித்தார். இந்த முறை குப்பியில் தண்ணீர் தண்ணீராகவே நின்றது. அக்கா அப்போதும் சிரிக்கவில்லை. இன்னொரு முறை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மெஷின் பக்கம் திரும்பினார். அந்த ஊரில் இருக்கிற எல்லா ஃபில்டரையும் ஒரு தட்டில் வைத்து, இந்த அக்காவை மறு தட்டில் வைத்தால், அக்கா இருக்கிற தட்டுதான் இறங்கும்.

கால் ரெண்டும் வீங்கி உட்கார்ந்திருந்த ஒரு பழைய பஸ் டிரைவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊசி ஏறும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார்: "ஏம்மா லிசி, எனக்குப் பொண்ணு குடுத்தப்பகூட என் மாமனாரு இம்புட்டு சோதிக்கலம்மா!"

வெளியே வந்து நானே முதலாளிக்குப் போன் பண்ணி, சாக்கை எங்கே இறக்கினேன் என்று சொன்னேன்; நாளையிலிருந்து கடைப் பக்கம் வராதே என்றார், நான் மறுநாள் ஷட்டர் திறக்கும் முன்பே போய் நின்றேன், ரிசார்ட்டுக்குப் புதுச் சாக்கை யாராவது கொண்டு போகணுமே.