லெப்டொப்புக்குத் தொண்ணூற்று நாலு

தொண்ணூற்று நாலு என்ற எண்ணை ஏறக்குறைய ஒரு வருடம் நான் பாசத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். லெப்டொப்பில் கால்பந்து விளையாட்டு ஓடும்போது திரையின் வலது மூலையில் பச்சை நிறத்தில் அது தெரியும். மெசினின் சூடு எவ்வளவு என்று காட்டுகிற எண். அதை அந்த மூலைக்கு வரவழைத்தவனும் நான்தான். ஒரு வீடியோவைப் பார்த்து, ஏதோ ஒரு மென்பொருளை இறக்கி, இரண்டு மூன்று இடத்தில் 'சரி' என்பதை அழுத்திச் சாதித்தேன். ஐம்பதை நெருங்கும் ஒருவன் இவ்வளவும் செய்தபிறகு அந்த எண்ணுக்கு அர்த்தமும் தேடவேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

எனக்குத் தெரிந்தது காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி மட்டும்தான். தொண்ணூற்றெட்டு தசம் நாலு என்றால் சுகம். நூறைத் தாண்டினால் குளிசை. நூற்றிரண்டு என்றால் ஆஸ்பத்திரி. அந்தக் கணக்கில் என் லெப்டொப் என்னைவிட ஆரோக்கியமாக இருந்தது.

வீட்டு பிளான் கீறுவது என் தொழில். அதற்காகத்தான் நல்ல கிராபிக்ஸ் கார்ட் உள்ள மெசின் வேண்டும் என்று மனைவியிடம் சொல்லி இதை வாங்கினேன். பிளானுக்கும் அது உதவியது, இல்லையென்று சொல்லமாட்டேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும், ஜும்ஆ தொழுது சாப்பிட்டு முடிந்ததும், அதே கார்ட் என் சகலனுக்கு எதிராகப் பந்து விளையாடும். சகலன் என்றால் மனைவியின் தங்கையுடைய மாப்பிள்ளை. பின்மதிலுக்கு அப்பால், அவளுக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டில் இருக்கிறார். பஸாரில் பாமசி வைத்திருக்கிறார். அவர் தன் மனைவியின் வீட்டில் இருந்து விளையாடுவார், நான் என் மனைவியின் வீட்டில் இருந்து விளையாடுவேன். பந்து இணையத்தால் போகும், ஏச்சு மதிலுக்கு மேலால் போகும்.

முதல் பாதியில் நான் அரசன். இரண்டாம் பாதியில் என் ஆட்கள் விதைப்புக்கு உழுத வயலில் ஓடுவதுபோல் கால் புதைய ஓடுவார்கள். படம் விட்டு விட்டு நகரும். நான் தோற்பேன். "மெசின் இழுக்குது தம்பி" என்று கத்துவேன்.

"சூடு எவ்வளவு காட்டுது காக்கா?" என்று அவர் கேட்பார். எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன்.

"தொண்ணூத்தி நாலு!"

"அது காய்ச்சலே இல்ல காக்கா, குளிர். போர்த்தி விடுங்க!"

மருந்து விற்கிறவர் சொல்கிறார். நான் யார் மறுக்க?

ஒரு வெள்ளிக்கிழமை, எழுபதாவது நிமிடத்தில், எண் தொண்ணூற்றேழுக்கு ஏறியது. அடுத்த நொடி திரை கறுத்துப்போனது. விசிறியின் இரைச்சலும் நின்றது. பக்கத்து அறையில் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவி அந்த அமைதியைக் கேட்டுத்தான் எழும்பி வந்தாள். அவள் விஞ்ஞான டீச்சர்.

"நூந்துட்டு" என்றேன், அணைந்த திரையைக் காட்டி. "ஆனா பயமில்ல. தொண்ணூத்தேழுதான். நோர்மலுக்கும் கீழ."

அவள் என்னைப் பார்த்த பார்வை, எட்டாம் வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவர்களுக்கென்று வைத்திருப்பது.

"இஞ்சப் பாருங்க, இது என்ன பாகை எண்டு நினைச்ச நீங்க? செல்சியஸ். இன்னும் மூணு ஏறினா தண்ணி கொதிக்கும்."

நான் முதலில் என் தொடையைத்தான் தடவிப் பார்த்தேன். ஒரு வருடமாக அது என் மடியில் அல்லவா இருந்தது! பிறகு லெப்டொப் வெடிக்கப்போகிறது என்று முடிவுசெய்து, சட்டி இறக்கும் துணி இரண்டைப் பிடித்து அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். தென்னைமரத்தடியில் வைத்தேன். அண்ணாந்து பார்த்தேன். குலை முற்றியிருந்தது. மறுபடியும் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

அடுத்ததாக, முழங்கால் வலிக்கு மாமி, அதாவது மனைவியின் தாய், வைத்திருந்த ஐஸ் பையை எடுத்து மெசினுக்குக் கீழே வைத்தேன். சில நிமிடத்தில் அதன் அடிப்பக்கம் முத்து முத்தாக நனைந்துவிட்டது.

"வேர்க்குது, காய்ச்சல் விட்டுட்டு" என்று மனைவியைக் கூப்பிட்டேன்.

அவள் பையைப் பிடுங்கினாள். "கடக்கரைக் காத்து முழுக்க ஈரம். குளிரா எதையும் வெச்சா அந்த ஈரம் தண்ணியா வந்து நிக்கும், உள்ளுக்கயும் நிக்கும். சூட்டில சாகாதத நீங்க தண்ணியில கொல்லப் போறீங்க."

துடைத்து, ஒருநாள் முழுக்கத் தொடாமல் வைத்து, பிறகு அவளே பொத்தானை அழுத்தினாள். திரை வெளித்தது. நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி முடிக்கவில்லை, தீர்ப்பு வந்துவிட்டது.

"பிளான் கீறித்தான் நம்மட அடுப்பு எரியுது. அடுத்த வெள்ளிக்கிழமை நான் பக்கத்தில இரிப்பன். முழு ஆட்டமும் நூராம ஓடணும், எண்பத்தஞ்சத் தாண்டவும் கூடாது. தாண்டினா அந்த இடத்திலயே கேமை அழிச்சிரணும்."

வாழ்க்கையில் நான் தொடர்ந்து செய்துவந்த உடற்பயிற்சி அந்த விளையாட்டு ஒன்றுதான். விடுவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸாரில் லெப்டொப் திருத்துகிறவரிடம் போனோம். மனைவியும் வந்தாள், சாட்சிக்கு. போகும் வழியெல்லாம் குற்றவாளிகளைப் பட்டியலிட்டுக்கொண்டே போனேன்: உப்புக்காற்று, கடல் மணல், மின்சாரம், விளையாட்டைச் செய்த கம்பனி.

"காக்கா, இத மடியில வெச்சா பாவிக்கிற?" என்று கேட்டார் கடைக்காரர்.

"சேச்சே. மேசையிலதான்."

அவர் அடிமூடியைக் கழற்றினார். விசிறிக்கும் வெப்பத்தை வெளியேற்றும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டுபோல ஒன்று அடைத்துக் கிடந்தது. முள்ளுக்கவ்வியால் மெதுவாக இழுத்து, வெள்ளைத் தாளில் வைத்தார். பஞ்சு. வெறும் பஞ்சு அல்ல, கத்தரிப்பூ நிறப் பஞ்சு. அதில் நடுவே பச்சை இழைகள். மூன்று பேரும் தாளைப் பார்த்தோம். பிறகு இரண்டு பேர் என் இடுப்புக்குக் கீழே பார்த்தார்கள். நான் உடுத்திருந்தது மருதமுனைக் கைத்தறிச் சாறன், கத்தரிப்பூ நிறம், பச்சைக் கரை.

"மேசைக்கு நல்ல சாறன் உடுத்தி வெச்சிரிக்கீங்க" என்றாள் மனைவி.

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். காற்றை உள்ளே இழுக்கிற துவாரங்கள் அடிப்பக்கம்தான் இருக்கின்றன. மடியில் வைத்தால் சாறன் அவற்றை மூடிவிடும், மூடாத நேரம் விசிறி பஞ்சை உறிஞ்சும். சூடு கூடினால் மெசின் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் தானாகவே நூர்ந்துவிடும். தகடுகளைத் துப்புரவாக்கி, காய்ந்துபோன பழைய பசையைச் சுரண்டி, சிப்புக்கு மேல் புதிதாகப் பூசித் தந்தார்.

அதற்குப் பிறகு நான் வேறு மனிதன். விளையாட்டின் படவேகத்தை விநாடிக்கு அறுபதோடு நிறுத்தினேன். கண்ணுக்குத் தெரியாத வேகத்துக்கு மெசினை ஏன் வாட்டவேண்டும்? மின்சார அமைப்பில் புரோசஸரின் உச்சத்தை நூறிலிருந்து தொண்ணூற்றொன்பதாக்கினேன். அந்த ஒன்றைக் குறைத்தாலே அது தலைதெறிக்கப் பாய்வதை விட்டுவிடுகிறது. குசினியில் இருந்து இரண்டு இடியப்பத் தட்டுகளை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மேசையில் வைத்து, லெப்டொப்பின் பின்பக்கத்தை அவற்றின்மேல் ஏற்றினேன். உயரமும் ஆயிற்று, துவாரங்களுக்குக் காற்றும் ஆயிற்று.

"மருமகன், ரெண்டு தட்டு குறையுது" என்று குசினியில் இருந்து மாமி குரல் கொடுத்தார்.

"மெசின் இடியப்பம் தின்னுது மாமி!"

வெள்ளிக்கிழமை மேற்கில் இருந்து கச்சான் காற்று அனலாக வீசியது. மேற்கு ஜன்னல்களை அடைத்தேன், கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்தேன். மனைவி கதிரையைப் போட்டு, திரையின் வலது மூலைக்கு நேரே உட்கார்ந்தாள். கையில் சிவப்புப் பேனை.

எழுபத்தொன்றில் தொடங்கியது. முதல் பாதி முடிய எழுபத்தெட்டு. நான் ஒரு கோல் முன்னால். இரண்டாம் பாதியில் எண்பத்திரண்டு வந்தது. என் கண் பந்தை விட்டு மூலைக்கு ஓடியது. அந்த நேரம் பார்த்துச் சகலன் ஒன்றைப் போட்டார். எண்பத்து மூன்று. இன்னொன்று. எண்பத்து நாலு வந்தபோது மனைவி பேனையின் மூடியைக் கழற்றினாள். நான் மூச்சுவிடுவதை நிறுத்தினேன், என் மூச்சும் சூடுதானே. அதற்குள் மூன்றாவது கோலும் விழுந்தது. படம் ஒரு இடத்திலும் இழுக்கவில்லை. என் ஆட்கள் காற்றாய்ப் பறந்தார்கள், பந்து இல்லாத பக்கமாக.

கடைசி விசில் ஊதியபோதும் எண்பத்து நாலு.

"காக்கா, மெசின் இழுத்திச்சா?" மதிலுக்கு அப்பால் இருந்து சகலனின் குரல்.

நான் வாயைத் திறந்தேன். மனைவி முந்திவிட்டாள்.

"இல்ல தம்பி! மெசின் நல்லா ஓடிச்சு! மெசின்ல ஒரு பிழையும் இல்ல!"

பேனையை மூடிக்கொண்டு எழுந்தாள். "கேம் இரிக்கட்டும்" என்றாள், போகிற போக்கில்.

எண் எழுபதுக்கு இறங்கிவிட்டது. அஸருக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்தினேன்.

"தம்பி! இன்னொண்டு?"