சிபியுவுக்குத் தைத்த சட்டை

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்ப்யூட்டர் கிளப்காரர்கள் வாயால் நீங்கள் கேள்விப்படுவதைவிட அது கொஞ்சம் மரியாதையாக இருக்கும்.

வளைகுடாவில் நான் பார்த்த வேலை, ஊருக்குச் சாமான் அனுப்புகிறவர்களின் பெட்டிகளைக் கட்டுவது. நான் டேப் சுற்றிய பெட்டியை மாடியிலிருந்து உருட்டிவிட்டாலும் உள்ளே இருக்கும் சென்ட் பாட்டிலுக்குத் தூக்கம் கலையாது. அந்தப் பெருமையோடு கீழக்கரைக்குத் திரும்பி, வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். எங்கள் ஊர் உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும், கம்ப்யூட்டரை விட்டுவைக்குமா? அதனால் சிபியு பெட்டியைப் பாலிதீனில் பொதிந்து, நாலு பக்கமும் டேப் சுற்றி, பொத்தானுக்கு மட்டும் ஒரு ஓட்டை விட்டு மேசைக்கு அடியில் வைத்தேன். அப்படியே கப்பலில் ஏற்றலாம் போல இருந்தது.

கொஞ்ச நேரம் ஓடும், பொசுக்கென்று நின்றுவிடும். கிளப்புக்குத் தூக்கிப் போவேன். அங்கே திறந்து பார்க்க வேண்டுமே என்று வீட்டிலேயே டேப்பைப் பிரித்துவிட்டுத்தான் கொண்டுபோவேன். அங்கே குதிரை மாதிரி ஓடும். சந்தோஷமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்னைவிட அழகாக டேப் சுற்றி வைப்பேன். நின்றுவிடும். எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் இப்படியே கழிந்தன. கடைசியில் கிளப் தலைவர் என் வீட்டுக்கே வந்து, குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். பார்த்தவர் நிமிரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

"ஏலே, அதுக்கும் மூச்சு இருக்குலே. காத்தாடி சுத்தி சூட்டை எங்கன தள்ளும்? ஒன் டேப்புக்குள்ளயா?"

அவரை நாங்கள் காக்கா என்போம். எங்கள் பக்கத்தில் மூத்தவர்களை அப்படித்தான் கூப்பிடுவது. துபாயில் ஏதோ ஆபீசில் கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் காலம் தள்ளிவிட்டு வந்தவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும், பூட்டிக் கிடக்கும் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் கிளப் கூடும். யாருடைய மெஷின் வந்தாலும் முதல் வைத்தியம் ஒன்றுதான்: மெமரியைக் கழற்றி, உப்புக்காற்றில் பூத்த பச்சையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்ப்பது. பாதி மெஷின்கள் அதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும்.

கிளப்பில் ஒரே ஒரு சட்டம் உண்டு. 'தானா' என்ற வார்த்தையை யாரும் சொல்லக்கூடாது. 'தானா நின்னுபோச்சு', 'தானா அழிஞ்சுபோச்சு' என்று யாராவது ஆரம்பித்தால், கடலாடியிலிருந்து பஸ் ஏறி வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் கையைத் தூக்கிவிடுவார். "தானா ஒண்ணும் ஆகாது. நீங்க என்ன செஞ்சீக, அதைச் சொல்லுங்க."

ஒரு வெள்ளிக்கிழமை லாத்தா வந்தார். கிளப்பில் எல்லோருக்கும் அக்கா முறை. வீட்டிலேயே தையல் தைப்பவர், வீட்டுக்காரர் கத்தாரில். ஷேர் ஆட்டோவில் சிபியுவைக் கைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"தானா ஆஃப் ஆவுது" என்றார்.

வாத்தியாரின் கை எழுந்தது. லாத்தா அதைப் பார்க்கக்கூட இல்லை.

"கையைக் கீழ போடுங்க சார். நாளைக்கு மத்தியானம் லுஹர் முடிஞ்சு எம்மகளுக்கு இன்டர்வியூ."

வாத்தியார் கையை இறக்கிவிட்டார். அந்தப் பிள்ளை பி.காம் முடித்துவிட்டு, வீட்டிலிருந்தே பார்க்கிற ஒரு வேலைக்காக எழுதி எழுதிக் கடைசிச் சுற்று வரைக்கும் வந்திருந்தது எங்களுக்குத் தெரியும். அந்தக் கம்பெனிக்காரர்கள் இவள் மெஷினின் விவரத்தை முன்கூட்டியே பதிந்து வாங்கிவிட்டார்களாம். இன்டர்வியூ அந்த மெஷினில்தான் நடக்க வேண்டும், போன் ஆகாது, வேறு மெஷின் ஆகாது, நடுவில் அறுந்தால் மறு வாய்ப்பும் கிடையாது.

மெஷினைப் போட்டோம். ஓடியது. ரப்பர் தேய்த்தோம். ஓடியது. காக்கா பெரிய வீடியோக்களாக ஓடவிட்டுப் பார்த்தார். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் ஓடியது. லாத்தா நம்ப முடியாமல் அதையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"இங்கன நல்லபிள்ளையா இருக்கு. அங்கன வந்தா என் உயிரை வாங்குது."

"வீட்டுல கரண்டு ஏறி இறங்குதும்மா" என்றார் வாத்தியார்.

"யூபிஎஸ் செத்திருக்கும்" என்றார் காக்கா.

இங்கே ஓடுது, வீட்டில் நிற்குது. இந்தக் கதையை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன். எங்கேயோ என்ன, என் வீட்டில்தான்.

"லாத்தா, மெஷினை வீட்டுல எதுலயாச்சும் சுத்தி வச்சிருக்கீகளா?"

மாடியே சிரிப்பில் குலுங்கியது. வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "பாய், அந்த மாதிரி யோசனை ஒலகத்துல ஒரு தலைக்குத்தான் வரும்."

லாத்தாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "நான் என்ன உங்களைப் போல டேப்பு சுத்துற ஆளா தம்பி?"

நான் அடங்கிவிட்டேன். காக்கா தன் வீட்டு யூபிஎஸ்ஸைக் கொடுத்து அனுப்பினார். ராத்திரி இஷா தொழுதுவிட்டு வெளியே வந்து போனைப் பார்த்தால், கிளப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் லாத்தாவின் குரல் பதிவு வந்து கிடக்கிறது. "காக்கா, உங்க யூபிஎஸ் நல்லாத்தான் இருக்கு. மெஷின்தான் நின்னுபோச்சு." பின்னணியில் மகள் அழுகிற சத்தம் கேட்டது. அழுவது தெரியக்கூடாது என்று அழுகிற மாதிரி, விட்டு விட்டு.

மறுநாள் காலையில் நாங்கள் மூன்று பேரும் அந்த வீட்டு வாசலில் நின்றோம். உள்ளே போனதுமே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. டிவிக்கு ரோஸ் கலர் உறை. ஃப்ரிட்ஜுக்குத் தலையில் பூப்போட்ட முக்காடு, கைப்பிடிக்குக் கையுறை. மிக்ஸிக்குக் கொசுவம் வைத்த பாவாடை. அந்த வீட்டில் துணி போடாமல் நின்றது சுவர்க் கடிகாரம் ஒன்றுதான், அதுவும் கூச்சத்தோடு நிற்கிற மாதிரி இருந்தது.

நேராகப் போய் மேசைக்கு அடியில் குனிந்தேன்.

பச்சை சாட்டின். அடியில் எலாஸ்டிக், ஓரமெல்லாம் லேஸ். உள்ளே பஞ்சு வேறு வைத்துத் தைத்திருந்தது. சிபியுவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை, ஒரு சுருக்கம் கிடையாது. பொத்தானுக்குக் காஜா எடுத்து ஓரம் அடித்திருந்தது. பென் டிரைவ் சொருகுகிற இடத்தில் சின்னதாக ஒரு திரை. காற்றுப் போகிற சல்லடைப் பக்கம் மட்டும் இரட்டை மடிப்பு. என் டேப்பெல்லாம் இதன் முன்னால் கைநாட்டு.

"காக்கா, இங்கன வாங்க" என்றேன். காக்காவை நான் அவ்வளவு நிதானமாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

காக்கா குனிந்தார். வாத்தியார் குனிந்தார். மேசைக்கு அடியில் மூன்று தலைகள் முட்டிக்கொண்டன. யாரும் சிரிக்கவில்லை. மெஷின் அப்போதுதான் ஓடி நின்றிருந்தது. நான் சட்டைக்குள் கையை விட்டேன், இட்லிச் சட்டிக்குள் விட்ட மாதிரி சுட்டது.

"கிளப்புக்குக் கொண்டாரும்போது இதைக் கழட்டிட்டா கொண்டுவந்தீக?" என்று கேட்டார் வாத்தியார்.

"பின்னே, ஆட்டோவுல அழுக்காயிடாதா?" என்றார் லாத்தா.

சட்டையை உரித்தேன். மெஷினைப் போட்டோம். நின்றுபோகிற நேரம் வந்தது, போனது. காக்கா நேற்று ஓடவிட்ட அதே வீடியோக்களை ஓடவிட்டார். அது பாட்டுக்கு ஓடியது. அறை வாசலில் நின்றிருந்த மகள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வாத்தியார் என் தோளில் கையை வைத்து, "பாய், ஒரு தலைன்னு சொன்னேன், தப்பு. ரெண்டு தலை" என்றார். பாராட்டுத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நிமிர்ந்த சூட்டில் வாயைக் கொடுத்தேன்.

"இப்படி மூடி வைக்கணும்னு உங்களுக்கு எந்தப் புண்ணியவான் சொன்னான் லாத்தா?"

லாத்தா போனை எடுத்து, குரூப்பில் மேலே மேலே தள்ளிக்கொண்டே போய், ஒரு குரல் பதிவைப் போட்டார். அறை முழுக்க என் குரல் கேட்டது. "கடற்கரை ஊர்ல சிபியுவைத் திறந்து வைக்கிறது கம்ப்யூட்டரைக் கடல்ல போடுறதுக்குச் சமம். காத்துப் புகாம நல்லா மூடி வைங்க. இது என் அனுபவ டிப்ஸ்."

நான் டேப் சுற்றிய புதிதில் அனுப்பியது. கிளப்பில் நான் சொன்ன டிப்ஸ் எதையும் அதுவரைக்கும் யாரும் கேட்டு நடந்ததில்லை. கேட்டு நடந்த ஒரே மனுஷி இவர்தான். என் மெஷினைப் பிரித்தபோது, குரூப்பில் அதை வாபஸ் வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"நீங்க சொன்னீகளேன்னுதான் தம்பி ராவும் பகலும் உக்காந்து தைச்சேன்" என்றார் லாத்தா.

காக்கா மறுபடியும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

லுஹருக்குப் பாங்கு சொன்னதும் நாங்கள் பள்ளிவாசலுக்குக் கிளம்பினோம். அன்றைக்கு தொழுகையில் நான் கேட்ட துஆவில் பாதி அந்தப் பிள்ளைக்கு, மீதி அந்தக் காத்தாடிக்கு. தொழுது முடித்துத் திரும்பி வந்து, அவள் அறைக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்தோம். கதவுக்குப் பின்னால் அவள் குரல் இங்கிலீஷில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அது ஓடுகிற வரைக்கும் மெஷினும் ஓடுகிறது என்று அர்த்தம். ஒரு தடவை குரல் நின்றது. லாத்தா என் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். உள்ளே யாரோ ஏதோ கேட்க, அவள் சிரித்துவிட்டு மறுபடி பேச ஆரம்பித்தாள்.

கதவு திறந்தது. வேலை கிடைத்துவிட்டது, அங்கேயே சொல்லிவிட்டார்களாம். லாத்தா மகளைக் கட்டிக்கொண்டு, அந்தப் பச்சைச் சட்டையாலேயே கண்ணைத் துடைத்தார். வாத்தியார் தன் கையைத் தூக்கினார், இந்தத் தடவை லாத்தா கேட்ட துஆவுக்கு ஆமீன் சொல்ல. காக்கா குரூப்பில் செய்தியைப் போட்டார். கீழக்கரையிலிருந்து கத்தார் வரைக்கும் போன்கள் சிணுங்கின.

இனிப்புக்கு வட்டலப்பம் வந்தது. இரண்டாவது கிண்ணத்தை வாங்கும்போதும் என் பெருமை அடங்கவில்லை. உள்ளே ஏன் அப்படிச் சிரித்தாய் என்று மகளிடம் கேட்டேன். "சமீபத்துல வந்த ஒரு பிரச்சினையை எப்படிச் சமாளிச்சேன்னு கேட்டாங்க மாமா. இந்த மெஷின் கதையைச் சொன்னேன்" என்றாள். என் காது விடைத்துக்கொண்டது. லாத்தாவும் வாத்தியாரும் காக்காவும் கேட்கிற மாதிரி, கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

"அதுல மாமாவைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொன்னியாம்மா?"

"பிரச்சினை யாரால வந்துச்சுன்னு கேட்டாங்க, அப்பச் சொன்னேன் மாமா."